இறங்கியது ஒன்பது, ஏறியது ஒன்பது

கடலில் கூட்டாக நீந்தும் குழு தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் ஒரு எண்ணிக்கை நடக்கும். "ஒன்று", "இரண்டு", "மூன்று" என்று ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் விரல் நீட்டி மற்றவர்களை எண்ணினால் கணக்கு தப்பும். எண்ணுகிறவர் தன்னையே விட்டுவிடுவார். தொப்பியைச் சரிசெய்யக் குனிந்தவர் இரண்டு முறை எண்ணப்படுவார், அல்லது எண்ணப்படவே மாட்டார். தன் வாயால் சொன்ன எண் மறக்காது. "நான் ஆறு" என்றவர் கரையேறியதும் அந்த ஆறைச் சொல்லத் தானே தேடி வருவார். தனக்கு முன்னால் குரல் கொடுத்தது யார், பின்னால் கொடுத்தது யார் என்பதும் அவர் காதில் இருக்கும். அன்றைக்குத்தான் வந்த, பெயர்கூடப் பிடிபடாத ஆளை "ஏழு எங்கே?" என்று கேட்க முடிவது கூடுதல் லாபம்.

கடல் நீச்சல் குழுக்களின் நெருக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் நீந்தி முடித்து மணலில் உட்கார்ந்து அடிக்கும் அரட்டையைத்தான் சொல்வார்கள். அரட்டை எந்தக் கூட்டத்திலும் கிடைக்கும். ஆழத்தில் பக்கத்தில் வருகிறவரை நம்ப வைப்பவை வேறு சில சாதாரணப் பழக்கங்கள். எண்ணுவது, காத்திருப்பது, "திரும்பலாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்புவது. இவை ஒழுங்காக நடக்கும் இடத்தில் நட்பைத் தனியாக வளர்க்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கே திரும்புவோம், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் அங்கேதான். நீந்தாமல் கரையில் நிற்கும் ஒருவர் அந்த எண்ணை எழுதிவைக்க வேண்டும். புறங்கையில் அழியாத மையால் எழுதுவது போதும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்து, எல்லாரும் போவதைப் பார்த்துப் பின்னாலேயே குதிப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. அவர் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. அவரைவிடத் தொல்லை, பாதியில் சலித்துக் கரையேறி, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர். அவர் குளித்துவிட்டுப் படுத்திருப்பார், மற்ற எட்டுப் பேரும் அலைக்குள் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் தாமதமாக வருகிறவர் கரையாளிடம் எண் வாங்காமல் இறங்கக் கூடாது, கிளம்புகிறவர் தன் ஜோடியிடமும் கரையாளிடமும் சொல்லாமல் போகக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு: பைகள். எல்லாப் பைகளையும் ஒரே வரிசையில், அலை எட்டாத உயரத்தில் வைக்கப் பழகுங்கள். எண்ணிக்கை எட்டாக வந்தால் முதலில் அந்த வரிசையைப் பாருங்கள். எடுக்கப்படாத பை யாருடையது என்று தெரிந்தால் யாரைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. நண்பரோடு நண்பர் போனால் சரிப்படாது, வேகம்தான் ஒத்துப்போக வேண்டும். "100 மீட்டர் எவ்வளவு நேரத்தில் போவீங்க?" என்று கேட்டால் எல்லாரும் தங்கள் வாழ்நாள் சாதனையைச் சொல்வார்கள். "நிற்காமல் ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் உண்மை வரும். அதைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். குளத்து நேரம் என்றால் அதிலும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கடலில் காலால் உந்தித் தள்ளச் சுவர் கிடையாது.

வேக வித்தியாசம் குளத்தில் சின்னதாகத் தெரியும். கடலில் அது எப்படிப் பெருகும் என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒருவர் 100 மீட்டரை 2 நிமிடத்தில் போகிறார், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டர். இன்னொருவருக்கு 2 நிமிடம் 30 நொடி, மணிக்கு 2.4 கிலோமீட்டர். அசையாத நீரில் 500 மீட்டர் போனால் இருவருக்கும் இரண்டரை நிமிடம்தான் இடைவெளி. எதிரே 1 நாட் நீரோட்டம் வந்தால் மணிக்கு 1.85 கிலோமீட்டர் இருவரிடமிருந்தும் கழியும். முதலாமவருக்கு மிஞ்சுவது 1.15, அதே 500 மீட்டரை 26 நிமிடத்தில் முடிப்பார். இரண்டாமவருக்கு மிஞ்சுவது வெறும் 0.55, அவருக்கு 55 நிமிடம் ஆகும். நீந்துகிற ஆள் மாறவில்லை, கடல் மாறியிருக்கிறது. "அவர் ரொம்ப ஸ்லோ, நமக்கு இழுவை" என்று முணுமுணுக்கும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே திட்டம் எப்போதும் மெதுவாகப் போகிறவரை வைத்துத்தான். எவ்வளவு தூரம் என்று சொல்வதைவிட எத்தனை நிமிடம் போய்த் திரும்புவது என்று பேசிக்கொள்வது நல்லது. அரை மணி ஆனதும், எங்கே இருந்தாலும், திரும்ப வேண்டும். எதிர்நீரோட்டத்தில் தொடங்கி, களைத்த பிறகு நீரோட்டத்தோடு திரும்பும்படி திசையை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஒவ்வொரு 200 அல்லது 300 மீட்டருக்கும் ஒரு முறை சேர்ந்துகொள்வது வழக்கம். இதிலும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு பிழை உண்டு. முன்னால் போனவர்கள் மூன்று நிமிடம் மிதந்து இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, போலாம்!" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு மூன்று நிமிட ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அந்த ஆள் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிடுவார், காரணமும் சொல்ல மாட்டார். கடைசியாக வந்தவர் "சரி, போகலாம்" என்று சொன்னால்தான் கிளம்புவது என்று வைத்தால் இது தீரும்.

தண்ணீர் குளிராக இருந்தால் மிதந்தபடி காத்திருப்பதும் ஆபத்து. காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். சும்மா நிற்கிற வேகநீச்சல்காரர்தான் முதலில் நடுங்குவார். அவர் செய்ய வேண்டியது, திரும்பி நீந்திப் போய் வரிசையின் வாலில் சேர்ந்து, கடைசி ஆளோடு மறுபடி முன்னால் வருவது. அவருக்கு 300 மீட்டருக்குப் பதில் 500 கிடைத்திருக்கும், கடைசி ஆளுக்குத் துணை கிடைத்திருக்கும். வேகமாக நீந்துகிறவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்க வைப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

ஜோடியாகப் போகும்போது பக்கத்துப் பக்கத்தில், கை நீட்டினால் இடிக்காத தூரத்தில், ஒருவரை ஒருவர் பார்த்து மூச்செடுக்கிற மாதிரி போவது நல்லது. வலப்பக்கம் மட்டுமே மூச்சு வருகிறவர் இடப்பக்கம் போகட்டும். ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால், பின்னால் இருப்பவருக்கு நீரின் எதிர்ப்பு குறையும், முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. ஆகவே பின்னால் ஒட்டி வருவதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், முறை மாற்றிக்கொள்ளுங்கள், பாதத்தைத் தட்டிக்கொண்டே வராதீர்கள். நல்ல நட்புகளே இந்தப் பாதத் தட்டலில் கசந்திருக்கின்றன.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கடலைச் சும்மா பார்ப்பது எந்தக் கருவியையும்விடப் பயன் தரும். மிதவை ஏதாவது கட்டியிருந்தால் அதன் எந்தப் பக்கம் தண்ணீர் கோடிழுத்துப் போகிறது என்று பாருங்கள். அலை உடையும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கலாக, நுரை கடலை நோக்கிப் போனால் அது கடலுக்குள் இழுக்கும் ஓட்டம். புதியவர்கள் "இங்கேதான் அமைதியா இருக்கு" என்று அதையே தேர்ந்தெடுப்பார்கள். அதில் மாட்டினால் கரையை நோக்கி முட்டக் கூடாது. மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் இடம் வந்ததும் திரும்பலாம்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னொரு ஏமாற்று. கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே போகப் போக முதுகில் தள்ளும். திரும்பும்போதுதான் அது எதிர்க்காற்று என்பது உறைக்கும்.

கடல் ஏற்றம், வற்றம் பார்க்கத் தெரியாதவர் ஒரு குழுவில் இருக்கலாம், யாருக்குமே தெரியாமல் இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் வரும் கடற்கரைகளில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் முதல் மணியில் சுமார் 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் 50, மூன்றாவதிலும் நான்காவதிலும் 75, பிறகு 50, கடைசியில் 25. நடு மணிகளில்தான் ஓட்டம் வேகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த உயரமே கூடும். போன வாரம் இதே நேரம் சுகமாக இருந்தது என்பது எதற்கும் சாட்சி இல்லை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது, ஒரு வாரத்தில் நிலைமை ஏறக்குறையத் தலைகீழாகியிருக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் ஒருவர், "இன்னைக்கு நான் இறங்கல" என்பார். ஏன் என்று கேட்காதீர்கள். தூக்கம் போதாமல் இருக்கலாம், பயமாக இருக்கலாம், சும்மாவே மனசு ஒப்பாமல் இருக்கலாம். காரணம் கேட்கும் குழுவில் ஆட்கள் காரணம் இல்லாத பயத்தை மறைக்கப் பழகுவார்கள். இறங்காதவர் கரையாள் ஆகிவிடட்டும். அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கும், குழுவுக்கு ஒரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும். எல்லாரும் இறங்கத் துடிக்கிற நாளில் முறை வைத்து ஒருவர் நிற்க வேண்டும். ஒரே ஆளையே, அதுவும் யாருடைய கணவனையோ மனைவியையோ, நிரந்தரக் கரையாளாக்குவது நாணயமில்லாத ஏற்பாடு.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் நிறத் தொப்பி வேண்டும். நீலமும் கறுப்பும் கடலில் கரைந்துவிடும், வெள்ளை நுரையாகத் தெரியும். இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் காற்றுமிதவை, அதில் கட்டிய விசில், நீர்புகாப் பைக்குள் போன். மிதவையின் கயிறு நீளமாக இருந்தால் பின்காற்றில் மிதவை முன்னால் வந்து கையில் சுற்றும், குட்டையாக இருந்தால் உதைக்கும் காலில் இடிக்கும். மிதவை உயிர்காப்பு உடை அல்ல. பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், மயங்கியவரின் முகத்தை அது நீருக்கு மேலே வைத்திருக்காது. கழுத்தும் அக்குளும் உப்பில் உரசிப் புண்ணாகாமல் இருக்க வாஸலின் தடவுகிறவர்கள், கண்ணாடியைப் போட்டு முடித்த பிறகு தடவட்டும். விரலில் மீந்த பிசுக்கு ஒரு முறை கண்ணாடியில் பட்டால் அன்றைய நீச்சல் முழுக்கப் பனிமூட்டம்தான்.

குளிர்ந்த நீரில், முக்கியமாக 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இறங்கிய உடனே மூச்சு தானாகத் திணறும். அதைக் கட்டுப்படுத்த முடியாது, கடக்க விடத்தான் முடியும். ஓரிரண்டு நிமிடத்தில் அடங்கும். அதுவரை முகத்தை உள்ளே விடாமல் மார்பளவு நீரில் எல்லாரும் சேர்ந்தே நிற்பது நல்லது. "ஒரே குதி, பழகிடும்" என்று தள்ளிவிடுகிறவரை அடுத்த வாரம் கூப்பிடாதீர்கள்.

நடுக்கடலில் ஒருவரின் நிலையை அறிய "ஓகேவா?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் "ஓகே" என்பார்கள். குளிரில் மூளை மந்தமானவர் இன்னும் உறுதியாகச் சொல்வார். பதில் யோசிக்க வைக்கிற கேள்வி வேண்டும்: "எந்த மிதவைகிட்ட திரும்பறோம்?", "உங்க எண் என்ன?" பதில் தாமதமானால், நாக்கு குழறினால், இடுப்பு நீரில் தாழ்ந்து போனால், சேர்ந்திருக்க வேண்டிய விரல்கள் நண்டுக்கால் மாதிரி விரிந்திருந்தால், நேர்கோடு விட்டு விலகிக்கொண்டே இருந்தால் பேச்சை நிறுத்திக் கரைக்குத் திரும்புங்கள். ஜோடியாக, அருகிலேயே.

பதற்றம் வந்தவரை நெருங்கிப் பிடிக்கக் கூடாது. அவர் உங்கள் தலைமேல் ஏறுவார், அது அவர் குற்றமல்ல. இரண்டு கை தூரத்தில் நின்று மிதவையைத் தள்ளிவிட்டு, "இதைக் கட்டிப் பிடிங்க, மல்லாந்து படுங்க, மெதுவா ஊதுங்க" என்று சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். மூச்சை உள்ளிழுக்கச் சொன்னால் திணறல் கூடும், வெளியே ஊதச் சொன்னால் குறையும்.

ஆனால் நிறுத்தி ஓய்வெடுத்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பும், விடாத இருமலும், நெஞ்சில் களகளவென்ற சத்தமும், இளஞ்சிவப்பு நுரையும் வந்தால் அதைப் பதற்றம் என்று தட்டிக் கழிக்காதீர்கள். நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோர்ப்பது நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் வரும். கரையேற்றி, நிமிர்ந்து உட்கார வைத்து, வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) போட்டிருந்தால் அதன் கழுத்தைத் தளர்த்தி, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது.

சொறிமீன் (ஜெல்லிமீன்) சுட்டால் மணலால் தேய்ப்பதும் நன்னீரால் கழுவுவதும் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சுப்பைகளையும் வெடிக்க வைக்கும். சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கடல்நீரால் அலசி, இழைகளை ஏதாவது அட்டையாலோ இடுக்கியாலோ எடுத்து, 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்தால் வலி இறங்கும். சூட்டைப் பார்க்க வேண்டியது சுடுபடாதவரின் கை. வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. வினிகர் சில இனத்துக்கு நல்லது, சிலவற்றுக்குக் கேள்விக்குறி. உங்கள் கடலில் எது வரும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கரையேறியதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது குளிர்கடலில் பெரிய தவறு. தோலிலும் கை கால்களிலும் இருக்கும் குளிர் உள்ளே இறங்க, உடம்பின் மையச் சூடு கரையேறிய பிறகும் குறைந்துகொண்டே போகும். வெளியே வந்து பத்து நிமிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பதினைந்தாவது நிமிடத்தில் உதறுவார். அதனால் அரட்டை பிறகு, உடை முதலில். ஈரத்தைக் கழற்றி, துடைத்து, முதலில் மேலுடம்பு, உடனே தலைக்குக் குல்லா, பிறகு கால்சட்டை, கடைசியில் காலுறை. பையில் கடைசியாகப் போடுவதை அடியிலும் முதலில் போடுவதை மேலேயும் அடுக்கி வந்தால் விறைத்த கையால் துழாவ வேண்டியிருக்காது.

அப்படியும் ஜிப் ஏறாது. விரல்கள் இருக்கும், கேட்காது. ஜிப்பின் இரு பல்வரிசையும் கண்ணுக்குத் தெரியும், ஒன்றை மற்றொன்றில் கோர்க்க மட்டும் முடியாது. பக்கத்தில் நிற்கிறவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அதை மாட்டிக் கழுத்துவரை ஏற்றிவிடுவார், பேச்சு பாட்டுக்குத் தொடரும். பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளை மாதிரி நின்று உடுத்திவிடப்படுவதில் இந்தக் கூட்டத்தில் யாருக்கும் கூச்சம் கிடையாது. சூடான பானத்தைப் பாதிக் கோப்பைதான் ஊற்றிக் கொடுக்க வேண்டும், முழுக்கோப்பை நடுங்கும் கையில் கொட்டிச் சுடும். கையைக் காலைத் தேய்த்துவிடாதீர்கள், உடனே வெந்நீர்க் குளியலும் வேண்டாம். நடுக்கம் முழுதாக அடங்கும் வரை வண்டி ஓட்டக் கூடாது. நடுங்குகிறவர் தனியாக விடப்படக் கூடாது.

நெடுந்தூர நீச்சல்காரர்களைத் தனி ஆட்களாகவே பார்க்கிறோம். 1875 ஆகஸ்டில் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது 21 மணி 45 நிமிடம் ஆனது, கூடவே படகில் ஆட்கள் வந்தார்கள். இன்றும் அந்தக் கால்வாயில் நீந்துகிறவர் படகையோ இன்னொரு ஆளையோ பிடித்துக்கொண்டால் நீச்சல் செல்லாது. குடிக்கக் கொடுப்பதைக் கயிற்றில் கட்டிய புட்டியில் வீசுவது வழக்கம். அதற்குத் தகுதி பெறவே 16 டிகிரிக்கு மேற்படாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் கரையில் யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள்.

புதியவர்களில் மெதுவானவர்களால் பிரச்சினை குறைவு, அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். குளத்தில் வேகமானவர்தான் கவலை. அடியில் கோடு இல்லாததால் 200 மீட்டரில் திசை மாறுவார், தலையைத் தூக்கிப் பார்க்க மறப்பார். ஆறு அல்லது எட்டு கை வீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே எடுத்துப் பார்க்கவும், ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு நீந்தவும் முதல் மூன்று தடவையும் கால் எட்டும் ஆழத்திலேயே பழக்குங்கள். இரண்டும் விலகினால் ஓட்டம் தள்ளுகிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கை எட்டாக வந்துவிட்டால்? இன்னொரு முறை எண் சொல்லச் சொல்லுங்கள். பை வரிசையைப் பாருங்கள். அவருடைய ஜோடியிடம் கடைசியாக எங்கே, எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். ஒருவர் உயரமான இடத்துக்கு ஓடிப் பார்க்கட்டும், ஒருவர் கழிப்பறையைத் தட்டட்டும், அவர் போனுக்கும் ஒரு அழைப்பு. இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் மீட்புப் படையை அழைத்துவிடுங்கள். களைத்தவர்களைத் திரும்பக் கடலில் இறக்கித் தேட வைக்காதீர்கள், தேட வேண்டிய ஆட்கள் கூடிவிடுவார்கள். அழைத்த பிறகு அவர் எங்கிருந்தாவது சாவகாசமாக நடந்து வந்தால் உடனே மீட்புப் படைக்கு மறுபடி அழைத்து, ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அழைத்தவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நடந்து வந்தவரையும் அங்கேயே திட்ட வேண்டாம். அடுத்த வாரம் எண்ணும்போது அவரை முதல் எண்ணாக நிறுத்தினால் போதும்.